குருதியோட்டமும் குருதிப் பாய்ச்சலும்

நான்கு ஆண்டுகளுக்கு முன் சித்தூரில் நடைபெற்ற பயிற்சி வகுப்பு ஒன்றிற்காகச் சிறு வெளியீடு ஒன்றைத் தமிழாக்கித் தரும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைக் கவனிக்கும் முறை பற்றியது அவ்வெளியீடு. அதில் வண்ணப் படம் ஒன்று இருந்தது. பாதத்தின்மீது லேஸர் ஒளியை வீழ்த்தி, மீண்டு வரும் ஒளியைக் காமிராவில் வாங்கி, கணிப்பொறி தீட்டிய படம் அது. சில இடங்கள் நீலம், சில பச்சை, சில சிவப்பு. படத்தின் அடியில் மூலத்தில் இருந்த சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் அகப்படாமையால், "சிவப்பு: நல்ல இரத்த ஓட்டம். நீலம்: குறைந்த இரத்த ஓட்டம்" என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விட்டேன்.

வகுப்பின் இறுதியில், நகரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பணியாற்றும் செவிலியர் ஒருவர் எழுந்தார். "ஐயா, எங்கள் ஊரில் ஒருவருக்குப் பாதம் சிவந்து வீங்கியிருக்கிறது; தொட்டால் சுடுகிறது. அந்தக் காலை இப்படிப் படம் எடுத்தால் சிவப்பாகத்தானே வரும்? அப்படியானால் அது நல்ல காலா?" என்று கேட்டார். வகுப்பெடுத்த மருத்துவர் தெலுங்கில் பேசுபவர். கேள்வியை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும், "நல்ல கால் அன்று, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய கால்" என்று விடையளித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "படத்தின் அடியில் தமிழில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்றார். நான் எழுதியதைத் தெலுங்கில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பிழையைச் செய்வதற்கு எனக்குச் சிறிதும் உரிமையில்லை. ஏனெனில் அதற்கு இரண்டாண்டு முன்னர் என் வீட்டிலேயே அதே பிழை நிகழ்ந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உடைய என் தாய்மாமன், ஆண்டுதோறும் செய்வதுபோல், அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறிச் சென்று வந்தார். ஏறத்தாழ 3,550 படிகள், வெறுங்கால். ஊர் திரும்பிய மறுநாள் பாதத்தில் சற்று வீக்கம் தெரிந்தது. என் தாயார் தொட்டுப் பார்த்து, "கதகதப்பாக இருக்கிறது தம்பி, இரத்தம் நன்றாக ஓடுகிறது" என்றார். "வலியே இல்லை அக்கா" என்றார் மாமா. பட்டதாரியாகிய நானும் தொட்டுப் பார்த்து, ஆமென்று தலையசைத்தேன். பாதத்தின் அடியில் முள் ஒன்று புதைந்து கிடந்ததை எவரும் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

சிவப்பும் சூடும் நலத்தின் அடையாளம் என்று என் தாயார் கருதியதற்குக் காரணம் உண்டு. அவருக்கு யாரும் வேறுவிதமாகச் சொல்லித்தரவில்லை. சர்க்கார் வெளியீட்டில் அதையே அச்சிட்டவன் நான். ஆகவே இக்கட்டுரையில் எனது அபிப்பிராயமாகச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன். உடலைக் குத்தாமலும் கீறாமலும் குருதியை அளக்கும் நூதனக் கருவிகள் நம் மாவட்டத்து மருத்துவ மனைகளுக்கும் வந்துகொண்டிருக்கும் காலம் இது. அவை எதை அளக்கின்றன என்பதைத் தெளிவாகச் சொல்லும் தமிழ், கருவிகளுக்கு முன்னரே களத்திற்குச் சென்று சேர வேண்டும் என்பதே எனது கருத்து.

முதலாவதாக, ஒரு வேற்றுமையைக் காண்போம். ஓய்வாக இருக்கும் மனிதனின் இதயம் நிமிஷத்திற்குச் சுமார் 5 லிட்டர் குருதியை வெளித்தள்ளுகிறது. அது பெருங்குழாய்களில் ஓடும் வேகம் ஒன்று. தசையும் தோலும் மூளையுமாகிய திசுக்களில் பரவி அவற்றை நனைப்பது வேறொன்று. முன்னதை ஒரு விநாடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று கூறலாம். பின்னதை 100 கிராம் திசுவிற்கு நிமிஷத்திற்கு இத்தனை மில்லிலிட்டர் என்று கூறவேண்டும். மூளைக்கு இது ஏறத்தாழ 50. ஓய்விலுள்ள தசைக்கு மூன்று நான்குதான். அதே தசை உழைக்கும்போது பன்மடங்கு பெருகும். இவ்விரண்டையும் தமிழில் "இரத்த ஓட்டம்" என்ற ஒரே சொல்லால் குறிப்பதனால்தான் இடர் விளைகிறது.

ஏரிப்பாசனம் அறிந்த நம் பகுதியினருக்கு இதை விளக்குவது கடினமன்று. வாய்க்காலில் நீர் ஓடுகிறது, வயலுக்குப் பாய்கிறது. வாய்க்காலில் ஓட்டம் வேகமாக இருப்பதைக் கண்டு வயல் நனைந்துவிட்டது என்று எந்த உழவரும் சொல்லமாட்டார். மதகுக்கு அருகே வடிகால் உடைந்திருந்தால் ஓட்டம் இன்னும் வேகமாகவே தோன்றும்; வயலோ காய்ந்து கிடக்கும். தெலுங்கிலும் பாசனத்தை "நீட்டி பாருதல" என்றே வழங்குகின்றனர். ஆகவே குழாயில் நிகழ்வதைக் குருதியோட்டம் என்றும், திசுவில் நிகழ்வதைக் குருதிப் பாய்ச்சல் என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் யோசனை. கலைச்சொல் அகராதிகளில் "ஊடுபரவல்" முதலிய சொற்கள் உள்ளன. அவை பிழையானவை அல்ல. ஆனால் கிராமத்துச் செவிலியரின் வாயில் அவை நுழையக் கண்டதில்லை.

மாமாவின் பாதத்தில் நிகழ்ந்தது ஏறக்குறைய வடிகால் உடைந்த கதையே. பாதத்தின் தோலில், மயிர்க்குழாய்களின் வழியே செல்லாமல், தமனியிலிருந்து நேரே சிரைக்குக் குருதியைக் கடத்தும் குறுக்கு வழிகள் உண்டு. உடலின் வெப்பத்தை வெளியேற்றுவது அவற்றின் தொழில். நரம்புகள் அவற்றைச் சாதாரணமாகச் சுருக்கி வைத்திருக்கும். நீரிழிவினால் அந்நரம்புகள் கெடும்போது குறுக்கு வழிகள் திறந்துகொள்கின்றன. பாதம் வெதுவெதுப்பாகிறது, புறத்தே நரம்புகள் புடைத்தது போலச் சிரைகள் நிறைந்து தோன்றுகின்றன, மொத்த ஓட்டமும் மிகுதியாகவே இருக்கும். ஆனால் அந்த மிகுதி மயிர்க்குழாய்களை அடைந்து திசுவிற்கு உணவளித்தது என்று கொள்வதற்கு இடமில்லை. அதே நரம்புக் கேட்டினால் வலியும் தெரிவதில்லை. முள் தைத்து நஞ்சேறினால் வீக்கத்தின் சூடும் சேர்ந்துகொள்கிறது. வெதுவெதுப்பு, சிவப்பு, வலியின்மை என்ற மூன்றையும் கூட்டிப் பார்த்து நாங்கள் நலம் என்று தீர்த்தோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளிவந்த ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவு உடையோர் சுமார் 10.1 கோடி என மதிப்பிட்டது. ஆகவே இதை ஒரு குடும்பத்துக் கதையாக மட்டும் கொள்ள வேண்டாம்.

இனிக் கருவிகளைப் பற்றிப் பேசலாம். திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே தேசிய வளிமண்டல ஆராய்ச்சிச் சோதனைச்சாலை இயங்கி வருகிறது. விண்வெளித் துறையைச் சேர்ந்த இந்நிலையத்திற்கு இப்பெயர் 2005-இல் ஏற்பட்டது; அங்குள்ள பெரிய ராடார் 1990-களின் தொடக்கத்திலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. சுமார் 130 மீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள பரப்பில் 1,024 ஆன்டெனாக்கள் நடப்பட்டிருக்கின்றன. விநாடிக்கு 5.3 கோடி முறை அதிரும் வானொலி அலைகளை அவை மேல்நோக்கிச் செலுத்துகின்றன. தெளிந்த காற்றிலுள்ள கொந்தளிப்புகளில் பட்டு அந்த அலைகளில் மிகச் சிறு பங்கு திரும்பி வருகிறது. காற்று ராடாரை நோக்கி வந்தால் திரும்பும் அலையின் அதிர்வு சற்றுக் கூடும். விலகிச் சென்றால் குறையும். விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று ராடாரை நோக்கி வருமாயின், ஐந்து கோடிக்கு மேற்பட்ட அதிர்வுகளில் ஏற்படும் வேறுபாடு மூன்று அல்லது நான்குதான். அதைப் பிரித்தறிந்து, பல கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றின் வேகத்தைச் சொல்லிவிடுகின்றனர். பலூனோ விமானமோ மேலே செல்ல வேண்டியதில்லை.

இந்த விதியை 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் நட்சத்திரங்களின் ஒளியைப் பற்றி எழுதும்போது கூறினார். 1845-இல் ஹாலந்து தேசத்தில் பைஸ் பாலட் என்பவர் ரயில் வண்டியில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி ஓடவிட்டு, ஒலியில் அது மெய்யாதலைக் காட்டினார். காதங்கியில் காற்றை அளக்கும் அதே விதிதான் நம் பாதத்தில் குருதியையும் அளக்கிறது. 1950-களில் ஜப்பான் நாட்டில் ஒஸாகா நகரத்து ஸதோமுரா, காதுக்குக் கேளாத மிகை அதிர்வு ஒலியை உடலுக்குள் செலுத்தி இதயத்தின் அசைவுகளைக் கண்டறிந்தார். அவ்வழியில் பிறந்ததே இன்று சட்டைப் பையில் அடங்கும் டாப்ளர் ஒலிக்கருவி. விநாடிக்கு 50 லட்சம் அதிர்வுள்ள ஒலி, அரை மீட்டர் வேகத்தில் ஓடும் குருதியணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதில் ஏற்படும் வேறுபாடு ஏறத்தாழ 3,200. இந்த எண் ஒரு தற்செயலான வசதியைத் தருகிறது. அது மனிதச் செவிக்குக் கேட்கும் எல்லைக்குள் இருப்பதனால், கணிப்பொறியோ திரையோ வேண்டியதில்லை. சிறு ஒலிபெருக்கி போதும். நலமான தமனியில் நாடித் துடிப்பு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கூறுகளாக வெட்டிக் கேட்கும். அடைபட்ட தமனிக்குக் கீழே அது ஒரே மந்தமான இரைச்சலாக மாறும். ஒரு மாதப் பழக்கத்தில் நல்ல செவியுள்ள செவிலியர் எவரும் இதைப் பிரித்தறியலாம்.

ஆனால் இக்கருவி சொல்வது வாய்க்காலின் ஓட்டத்தை மட்டும். வயலைப் பற்றி அது வாய் திறவாது. மயிர்க்குழாய் என்பது விட்டத்தில் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானது. அதில் குருதியணு நெருக்கியடித்துக்கொண்டு விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரோ அதிற் பாதியோ நகர்கிறது. இங்கே ஓர் உண்மையை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்டலாம். அழுத்தம் மாறாதிருக்க, குழாயின் ஆரம் பாதியாகுமானால் அதில் செல்லும் ஓட்டம் பாதியாவதில்லை; பதினாறில் ஒரு பங்காகிவிடும். எனவே உடல் தன் பாய்ச்சலை ஆள்வது பெருங்குழாய்களில் அன்று, சிறு தமனிகளின் சுவர்களில்தான். அங்கே ஒலி எட்டுவது கடினம், ஒளியை நாடவேண்டும்.

ஒளியிலும் டாப்ளர் விதியே செல்லும். ஆனால் சிவப்பு லேஸர் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 4.7 கோடி கோடி முறை அதிர்கிறது. மில்லிமீட்டர் வேகத்தில் நகரும் அணுவில் பட்டால் அதில் வரும் மாற்றம் சில ஆயிரமே. இதை நேரே எண்ணிப் பார்க்கும் கருவி உலகில் இல்லை. ஆயினும் சுருதி சற்றே பிசகிய இரு தம்பூராத் தந்திகளை ஒருங்கே மீட்டினால் ஒலி அலையலையாக ஏறி இறங்குவதை நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? அசையாத திசுவிலிருந்து வரும் ஒளியும் அசையும் அணுவிலிருந்து வரும் ஒளியும் கலக்கும்போது அத்தகைய ஏற்றத்தாழ்வே நிகழ்கிறது. அதன் வேகத்தை அளந்துவிடலாம். 1972-இல் ரீவாவும் அவருடன் உழைத்தோரும் முயலின் விழித்திரையில் இதைச் செய்து காட்டினர். 1975-இல் ஸ்டெர்ன் மனிதத் தோலில் செய்து காட்டினார்.

மற்றொரு முறை இன்னும் எளியது, கண்ணுக்கே தெரிவது. லேஸர் ஒளியைச் சுவரில் வீழ்த்தினால் அந்த வட்டம் ஒரே சீராக இராமல் மணல் தூவியது போன்று மினுங்கும். சுவரின் நுண்ணிய மேடுபள்ளங்களிலிருந்து மீளும் அலைகள் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் அழிந்தும் போவதால் உண்டாகும் கோலம் இது. இதற்கு நான் முதலில் "புள்ளிக்கோலம்" என்று பெயரிட்டிருந்தேன். கோலத்தில் ஒழுங்கு உண்டு, இதில் இல்லையே என்று பௌதிக ஆசிரியர் ஒருவர் மறுத்தார். அவர் சொன்னது நியாயம். ஆதலின் இப்போது "ஒளிமணல்" என்கிறேன். லேஸர் 1960-இல் பிறந்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 1943-இல், பெங்களூரில் ராமனின் மாணவரான ஜி. என். இராமச்சந்திரன், நுண்துகள்களால் சிதறிய ஒளி வளையங்களில் காணும் இத்தகைய செறிவு மாறுதல்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தார் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருப்பது நன்று.

சுவரின் ஒளிமணல் அசையாது. உயிருள்ள தோலின் ஒளிமணலோ, உள்ளே குருதியணுக்கள் நகர்ந்தவண்ணம் இருப்பதால் இடைவிடாமல் கலைந்துகொண்டேயிருக்கும். விநாடியில் நூற்றில் ஒரு பங்கு நேரம் காமிராவைத் திறந்து வைத்துப் படம் எடுத்தால், அசைவு மிகுந்த இடத்தில் மணல் மங்கிக் குழம்பும். அசைவற்ற இடத்தில் கூர்மையாகத் தெரியும். இந்த மங்கலின் அளவைக் கணக்கிட்டு வண்ணமாக மாற்றுவதே நான் மொழிபெயர்த்த படத்தின் இரகசியம். 1981-இல் ஃபெர்ச்சர், பிரையர்ஸ் என்னும் இருவர் இவ்வழியைக் காட்டினர். பள்ளி ஆசிரியர்கள் இதன் அடிப்படையை வகுப்பில் காட்ட வேண்டின், ஒரு மில்லிவாட்டுக்கு மேற்படாத சிறு லேஸர் விளக்கும், சுண்ணாம்புக் கட்டியும், நீர் கலந்த பாலும் போதும். கட்டியின்மேல் மணல் அசையாது நிற்கும். பாலில் அது கொதிப்பது போலத் தோன்றும். கண்ணில் கதிரோ, கண்ணாடிக் குவளையில் பட்டுத் தெறிக்கும் கதிரோ படாமல் காப்பது ஆசிரியரின் பொறுப்பு. மாணவர் கையில் விளக்கைக் கொடுத்துவிட்டு அப்பால் போகலாகாது.

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வி எழுகிறது. அந்தப் படத்தில் சிவப்பு என்பது எதைக் குறிக்கிறது? அசைவை. தோலின் மேற்புறத்தில், ஒரு மில்லிமீட்டருக்கும் உட்பட்ட ஆழத்தில், ஏதோ அசைகிறது என்பதை. மில்லிலிட்டர் கணக்கை அது நேரே தருவதில்லை. ஒவ்வொரு கருவியும் தனக்கென ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு எண்களைத் தருகிறது. அசைவது மயிர்க்குழாயின் குருதியா, குறுக்கு வழியின் குருதியா, வீக்கத்தின் குருதியா என்று அது பிரித்துச் சொல்வதில்லை. நோயாளியின் கால் நடுங்கினாலும் சிவப்பு கூடும். வெறுங்காலுடன் வயலிலும் மலையிலும் நடந்த நம்மவர் பாதத்தின் அடித்தோல் காய்த்துத் தடித்திருக்கும். அத்தடிப்பைத் தாண்டி ஒளி உள்ளே செல்லாவிடில் நீலமே தெரியும். கருநிறத் தோலில் ஒளியின் ஒரு பங்கு நிறமியால் உறிஞ்சப்படுகிறது; கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியில் இக்குறை சுருங்குகிறது, முற்றும் நீங்குவதில்லை. விரல் நுனியில் மாட்டி உயிர்க்காற்றின் அளவு காட்டும் சிறு கருவியைக் கொரோனாக் காலத்தில் அனைவரும் கண்டோம். 1970-களில் ஜப்பானியரான அயோயாகி வகுத்த நெறியில் அமைந்த அக்கருவி, கறுப்பின நோயாளிகளிடம் உயிர்க்காற்றுக் குறைவைத் தவறவிடுவது வெள்ளையரைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு என 2020-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. வெளுத்த தோலில் தரம் பார்த்த கருவியை நம் களத்தில் அப்படியே நம்புவது தகாது என்பதற்கு இது ஒன்றே போதிய எச்சரிக்கை.

இதனால் இக்கருவிகளை வேண்டாமென்று நான் சொல்வதாக எவரும் கொள்ளலாகாது. தீப்புண் எவ்வளவு ஆழமானது, தானே ஆறுமா, தோல் ஒட்ட வேண்டுமா என்பதைத் தீர்ப்பதற்கு லேஸர் டாப்ளர் படம் மெய்யாகவே உதவுகிறது. பிரிட்டனின் சுகாதார ஆலோசனை அமைப்பு 2011-இல் அதனைப் பரிந்துரைத்தது. காந்த அதிர்வுப் படக் கருவியில், கழுத்தில் செல்லும் குருதியின் நீரையே காந்தத்தால் அடையாளமிட்டு மூளையின் பாய்ச்சலை அளக்கும் முறை 1992 முதல் வழங்குகிறது. ஊசியும் மருந்தும் இன்றி, மில்லிலிட்டர் கணக்கிலேயே அது விடை தருகிறது. நான் படித்தவரையில் பாய்ச்சல் என்னும் சொல்லுக்கு முழுத் தகுதி பெற்றது அதுவே. ஆனால் அது பெரிய ஆஸ்பத்திரியின் உடைமை. நகரிச் செவிலியர் அதைத் தோளில் சுமந்து செல்ல இயலாது.

அவர் சுமந்து செல்லக்கூடியது வெப்பமானி. இதற்கும் நம் அண்டையிலேயே முன்னோடி ஒருவர் இருந்தார். சித்தூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வேலூரில், 1946 முதல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கைகால்கள் அழிவது சதை தானே அழுகுவதால் அன்று, உணர்ச்சியற்ற உறுப்பு ஓயாது காயப்படுவதால்தான் என்று நிலைநாட்டினார். பின்னர் அமெரிக்காவில் கார்வில் என்னும் ஊரில் பணியாற்றியபோது, உணர்ச்சியற்ற பாதத்தில் புண் தோன்றுமுன்னரே அவ்விடம் சூடேறுவதை வெப்பப் படத்தால் காட்டினார். அவ்வழியே தொடர்ந்த ஆய்வாளர்கள் ஒரு விதியை வகுத்தனர்: இரண்டு பாதங்களிலும் ஒத்த இடங்களைத் தொட்டு அளக்கும்போது, ஒன்று மற்றதைவிட 2.2 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக இருந்தால், அப்பாதத்திற்கு ஓய்வு கொடுத்து மருத்துவரிடம் காட்டவேண்டும். மாமாவின் இரு பாதங்களையும் நாங்கள் ஒருங்கே தொட்டுப் பார்த்திருந்தால் போதும். ஒரு பாதத்தை மட்டுமே தொட்டோம்.

வண்ணப் படக் கருவியை ஒவ்வோர் ஆரம்பச் சுகாதார நிலையத்திற்கும் வாங்கிக் கொடுத்துவிட்டால் கால்கள் பிழைத்துவிடும் என்று வாதிப்போரும் உளர். அப்பணத்திற்குச் சட்டைப் பை டாப்ளர் எத்தனை வாங்கலாம் என்பதை அவர்கள் கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். அதனுடன் இரத்த அழுத்தப் பட்டையைக் கூட்டினால் கணுக்காலின் அழுத்தத்தைப் புஜத்தின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கலாம். விடை 0.9-க்குக் கீழே இருந்தால் காலின் தமனியில் அடைப்பு உண்டென்று ஐயுற வேண்டும். இங்கும் ஒரு பொறி உள்ளது. நான் பார்த்த வெளியீடுகள் பலவற்றில் இது விடுபட்டிருக்கிறது. நெடுநாள் நீரிழிவில் கணுக்கால் தமனிகளின் சுவரில் சுண்ணம் படிந்து இறுகிவிடும். பட்டை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் நசுங்காது, விடை 1.3, 1.4 என்று உயர்ந்து நிற்கும். அதைக் கண்டு மகிழ்ந்துவிடலாகாது. கால் பெருவிரலின் அழுத்தத்தை அளக்க அனுப்ப வேண்டும். அது 30-க்கும் கீழாயின் காலம் தாழ்த்துவதற்கில்லை. உணர்ச்சி உள்ளதா என்று பார்ப்பதற்குப் பத்து கிராம் அழுத்தம் தரும் நைலான் இழை ஒன்று வேண்டும். இவற்றின் விலை அற்பம். விரலிடுக்கையும் அடிப்பாதத்தையும் கண்ணால் பார்ப்பதற்கு விலையே இல்லை. மாமாவின் முள்ளை எந்த லேஸரும் இல்லாமலே கண்டிருக்கலாம்.

மலையேறுவோர் வெறுங்காலுடன் செல்லக்கூடாதென்று கூறுவது என் வேலையன்று. கூறினாலும் மாமா கேட்டிருக்கமாட்டார். விரல்கள் போன மறு ஆண்டும் அவர் சென்று வந்தார், இம்முறை வாகனத்தில். ஆனால் ஏறுமுன்னும் இறங்கிய அன்றிரவும் இரு பாதங்களையும் விளக்கொளியில் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் வாயிலாக வீடுகளுக்குள் கொண்டு செல்ல முடியும். தாத்தாவின் பாதத்தைப் பார்த்துச் சொல்வது பேரனுக்குச் சுமையான வீட்டுப்பாடம் அன்று.

இது 1911-இல் வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைச் சேர்த்து அமைத்த மாவட்டம். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னரும், இரு மாவட்டங்களிலும் தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் வழங்குகின்றன. ஒரு மொழியில் சரியாகச் சொன்ன மருத்துவரின் சொல், மற்ற மொழியில் என்னால் தவறாகிப் போயிற்று. கருவி செய்தவரோ மருத்துவரோ அப்பிழைக்குப் பொறுப்பல்லர். எனவே அவ்வெளியீட்டின் மறுபதிப்பிற்கென அதே படத்தின் அடிக்குறிப்பைத் திருத்தி எழுதி, அன்று வகுப்பெடுத்த அம்மருத்துவரிடம் காட்டி ஒப்புதல் பெற்றேன். அது வருமாறு:

"சிவப்பு: இக்கருவி காணும் சிறு ஆழத்தில் குருதியணுக்களின் அசைவு மிகுதி. நலமான பாதத்திலும் இது தோன்றும். நஞ்சேறிய பாதத்திலும் தோன்றும். நீலம்: அசைவு குறைவு, அல்லது ஒளி உட்செல்லவில்லை. இப்படம் பாய்ச்சலின் அளவைக் கூறாது. இரு பாதங்களையும் ஒப்பிடுக. தொட்டுப் பார்க்க. அடிப்பாதத்தைத் திருப்பிப் பார்க்க."

பழைய குறிப்பைவிட இது ஐந்து மடங்கு நீளம். படத்தின் அடியில் இதற்கு இடமில்லை என்று அச்சகத்தார் கூறினர். படத்தைச் சிறிதாக்கிவிடும்படி எழுதியிருக்கிறேன். நகரிச் செவிலியருக்கு ஒரு பிரதி தபாலில் போயிருக்கிறது.